கல்யாணத்துக்கு வருகிறவர்களும் காரைக்குடி வெயிலும்

பிப்ரவரி 3

தங்கச்சி மகள் கல்யாணம் எட்டாம் தேதி. பந்தல், சமையல், பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. எனக்கு விழுந்த வேலை, வெளியூர்க்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுவது. "அண்ணே, வர்றவுகள நீங்க பாத்துக்கங்க, யாரும் முகஞ்சுளிக்கக் கூடாது" என்று தங்கச்சி போனை வைத்துவிட்டது.

பொண்ணோடு படித்த புனே பிள்ளைகள் அதற்குள் ஒரு திட்டம் அனுப்பிவிட்டார்கள். ஒரே நாளில் மதுரை, ராமேசுவரம் இரண்டும்! வரைபடத்தில் பார்த்தால் விரல் நீளம்தான். வண்டியில் உட்கார்ந்தால் தெரியும். ராமேசுவரம் போய்த் தீர்த்தமாடித் திரும்பவே ஒரு முழுநாள் போய்விடும். அதெல்லாம் கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமுன் முப்பது கிலோமீட்டரைத் தாண்டிக் கூட்டிப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4

நேற்று ராத்திரி பல்லவன் ரயிலில் கோயம்புத்தூர்ப் பெரியப்பா வகையறாவும், சென்னை வந்து மாறி ஏறிய புனே பிள்ளைகளும் சேர்ந்தே இறங்கினார்கள். காலை ஆறரைக்கே பிள்ளையார்பட்டிக்குக் கிளப்பிவிட்டேன். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் இந்தச் சீமையில் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு விதிதான்: மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிவரை கோயில் இல்லை. காலையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கற்பக விநாயகர் குன்றைக் குடைந்து பாறையிலேயே செதுக்கிய உருவம். இரண்டே கை, வலம்புரித் துதிக்கை, வடக்குப் பார்த்த சன்னதி. நாலு கைப் பிள்ளையாரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று வித்தியாசமாகத் தெரியும். சந்தனக்காப்பு இருக்கிற நேரத்தில் போனால் பாறை வேலை தெரியாது, தங்கக் கவசமென்றாலும் அதே கதைதான். குடைவரை பார்க்கத்தான் போகிறோம் என்றால் அபிஷேக நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

திரும்பும்போது குன்றக்குடி. தைப்பூசம் முடிந்துவிட்டதால் பழனிக்கு நடந்து போகிற கூட்டம் இல்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அவரை அடிவாரத்துக் குடைவரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே தேனாற்றுநாதர். மேலே முருகனைப் பார்க்கப் போனவர்கள் வருவதற்குள் இவர் சாவகாசமாகப் பார்த்து முடித்துவிட்டார். பத்தரைக்கு எல்லாரும் வீட்டில் இட்லி சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 5

கோயில் சாத்துகிற நேரம்தான் ஆத்தங்குடிக்கு ஏற்றது. பூப்போட்ட தரைக்கல் செய்கிற பட்டறை கூரைக்குக் கீழே நடக்கிறது, வெயில் படாது.

பார்த்தே ஆகவேண்டிய வேலை இது. இரும்புச் சட்டத்துக்கு அடியில் கண்ணாடி. அதன்மேல் அச்சு வைத்து, கரண்டியால் வண்ணச் சிமிட்டிக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தால் கோடு கலங்காமல் பூ நிற்கிறது. மேலே மணலும் சிமிட்டியும் கலந்து தூவி, கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். சூளையே கிடையாது. சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் சரி. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. அச்சில்லாமல் கையாலேயே இலை, பூ போட்ட ஒரு பெரியவரைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், கிளப்ப முடியவில்லை. அதே ஊரில் பெரிய வீடு ஒன்றைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் கானாடுகாத்தான். 1912ல் கட்டிய செட்டிநாட்டு ராஜா வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் கூட்டிப்போனால் வாசலில் ஏமாந்து நிற்பார்கள். எனக்கென்னவோ அந்த ஒரு வீட்டைவிடத் தெருதான் பிடிக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள். கண்டாங்கிச் சேலை நெய்கிற இடத்தில் பெண்கள் மாட்டிக்கொண்டதால் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். சமையல்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

பிப்ரவரி 6

திருமயம். என்னைக் கேட்டால் ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்கிறவர்களை இங்கேதான் அனுப்புவேன்.

கோட்டை வாசல் பைரவருக்கு நிறுத்தாமல் எங்கள் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். மூன்றரைக்கே போய்விட்டோம், கோட்டை முதலில், கோயில் பிறகு. ராமநாதபுரம் சேதுபதி 1687ல் கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி ஒன்று கிடக்கிறது, பக்கத்தில் நின்றால் சுற்றிலும் கண்மாயும் பொட்டலும். பாதி ஏற்றத்தில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம், இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். சேலை கட்டியவர்கள் கீழேயே நின்றுகொண்டார்கள்.

இறங்கி வந்தால் அதே குன்றடியில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அக்கம்பக்கத்துக் கோயில், இரண்டும் குடைவரை. பள்ளிகொண்ட பெருமாளின் உருவம் பெரியது, விளக்கு வெளிச்சத்தில் தலையிலிருந்து கால்வரை கண்ணை ஓட்டியே பார்க்க வேண்டியிருந்தது. தீரர் சத்தியமூர்த்தி 1887ல் பிறந்தது இந்த ஊரில்தான் என்று சொன்னேன். புனே பிள்ளைகளுக்கு அவரைத் தெரியவில்லை. பெரியப்பா அரைமணி நேரம் சொல்லித் தீர்த்தார்.

பிப்ரவரி 7

இன்றைக்கு எங்கேயும் கிடையாது. உட்கார முடியாதவர்கள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளைப் பார்க்கட்டும். பீங்கான் சாடி, எனாமல் தூக்கு, தேக்குத் தூண்வரை கிடைக்கும். சொன்ன விலைக்கு வாங்கக் கூடாது. எதிலும் ஆசை இல்லாதவர்களுக்குக் கம்பன் மணிமண்டபம், அங்கேயே தமிழ்த்தாய் கோயில்.

பிப்ரவரி 8

தாலி கட்டுகிற திருப்பூட்டு நல்லபடியாக முடிந்தது. கல்யாணம் எங்கள் வீட்டிலேயே என்பதால், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பர்மாத் தேக்குத் தூண்களையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரையும் எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆத்தங்குடியில் சீட்டு வாங்கிப் பார்த்ததைவிட இது மேல் என்று ஒரு பையன் சொன்னான். சரிதான். அங்கே நடுமுற்றத்து வளவில் பாய் விரித்து நூறு பேர் உட்கார்ந்திருக்கவில்லையே.

பிப்ரவரி 9

ஊருக்குப் போகிறவர்களுக்கு வழியிலேயே ஒன்றைச் செருகிவிட்டேன். மதுரையில் விமானம் ஏறுகிறவர்களில் பிள்ளையார்பட்டி விட்டுப்போனவர்கள் திருப்பத்தூர் ரோட்டில் அதை முடித்துக்கொள்ளலாம். திருச்சி போகிறவர்கள் புதுக்கோட்டை தாண்டிக் கொஞ்சம் விலகினால் சித்தன்னவாசல். சமணக் குகைக்கோயில், விதானத்தில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள். நிறம் மங்கிப் போயிருக்கும், கண் பழகும்வரை நிற்க வேண்டும். அதே குன்றில் ஏழடிப்பட்டம் ஏறிச் சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும் பார்ப்பதானால் தண்ணீர்ப் பாட்டில் கட்டாயம்.

புனேப் பையன் ஆத்தங்குடிக் கல் நாலு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தான். எடை போட்டுப் பார்த்துவிட்டு இரண்டை இங்கேயே இறக்கிவிட்டான். அந்த இடத்தில் தங்கச்சி ஒரு பனையோலைக் கொட்டானில் மணகோலமும் சீப்புச்சீடையும் நிரப்பி வைத்துவிட்டது.