ஜவ்வரிசி வடகம் வைத்த புகைப் பரிசோதனை

சேலத்தில் சித்திரை வெயில் வீணாகப் போவதை எந்த வீட்டுப் பெண்மணியும் பொறுத்துக்கொள்வதில்லை. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் என்பதால் மாடிதோறும் ஜவ்வரிசி வடகம் காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது. ஆகவே வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் நான்கு முழ வெள்ளை வேட்டியை விரித்து வடகம் இடுவார். அந்தக் கட்டிலுக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில், 1998-இல் பதிவான என் டீசல் காரின் புகைக்குழாய் இருந்தது என்பதே 2023-ஆம் ஆண்டில் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் தொடக்கம்.

அன்று காலை வண்டியைக் கிளப்பி, வழக்கம்போல் இரண்டு முறை ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். பின்கண்ணாடியில் தெரு மறைந்தது. மேல்தெருச் சிறுவர்கள் மூன்று பேர், மாநகராட்சியின் கொசு மருந்து வண்டி வந்துவிட்டதாக எண்ணி ஓடிவந்து, மணத்தில் வேறுபாடு கண்டு ஏமாற்றத்துடன் திரும்பினார்கள். புகை விலகியபோது எதிர்வீட்டு அம்மா கட்டிலருகே நின்றிருந்தார்.

“தம்பி, நான் மிளகு வடகம் போடவில்லையே” என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவரோ கரி படிந்த வடகங்களில் பத்தைப் பொறுக்கியெடுத்து, நாளிதழ்த் தாளில் பொட்டலமாகக் கட்டி, “வண்டி பார்ப்பவரிடம் இதைக் காட்டுங்கள்” என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதே வாரத்தில் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முதல் பதினைந்து ஆண்டுகள் முடிந்த பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு. அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். (2018-இல் நான் எப்படித் தேறினேன் என்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.) பரிசோதனை நிலையத்துப் பையன் இன்ஜினைச் சூடேற்றச் சொல்லி, புகைக்குழாய்க்குள் கருவியின் முனையைச் செருகி, ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் அடிவரை அழுத்தி விடும்படி சொன்னான். புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கும் கருவி அது. என் வண்டியின் காலத்து டீசல் கார்களுக்கு ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65 வரை அனுமதி உண்டு. எனக்கு 91 வந்தது. பள்ளிக்காலத்தில் எந்தத் தேர்விலும் நான் எடுத்திராத அந்த மதிப்பெண்ணை, பையன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே வாசித்தான்.

அடுத்த மூன்று நாட்கள் ஆலோசனைகளில் கழிந்தன. மைத்துனர் டீசலில் ஊற்றும் மருந்துப் புட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதைக் குடித்த வண்டி முன்போலவே புகைந்தது, வாசனை மட்டும் சற்று மாறியது. அலுவலக நண்பர் ஒருவர் மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னார். டீசலை இன்ஜினுக்கு அனுப்பும் பம்புக்குள் இருக்கும் நுட்பமான பாகங்களுக்கு டீசலே மசகெண்ணெய் என்பதால், மண்ணெண்ணெய் ஊற்றினால் பம்பே தேய்ந்து போகும் என்பது நல்லவேளையாக எனக்குத் தெரிந்திருந்தது. தெருமுனை மெக்கானிக் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், இன்ஜினை இறக்கி ரீபோர் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்ய, ஐம்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார். வண்டியை விற்றாலும் அந்தத் தொகை தேறுமா என்று எனக்கு ஐயம் இருந்தது.

கடைசியில், லாரிகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் டீசல் பம்பு வேலை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “புகை என்ன நிறம் சார்?” என்பது. “புகை நிறம்தான்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு வண்டியை வைத்திருந்தும் அதன் முகத்தைப் பார்க்காதவன் என்ற குற்றச்சாட்டு இருந்தது. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் ஆவியாகிறது அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. கறுப்பென்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் போகிறது என்று விளக்கிவிட்டு, தெரு ஓரத்தில் நின்று பார்க்கலாம் என்று எழுந்தார். அப்போதுதான் எனக்குப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

அவர் வாழ்நாளில் பலவிதச் சான்றுகளைப் பார்த்திருப்பார். வடகம் வந்தது அதுவே முதல்முறை என்று நினைக்கிறேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வடகத்தை எடுத்து விரலால் தேய்த்தார். கரி மாவுபோல் உதிர்ந்தது. மோந்து பார்த்தார். பிசுபிசுப்பு இல்லை. “ஆயில் எரிந்திருந்தால் இது எண்ணெய் பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். இது காய்ந்த கரி. ரீபோர் எல்லாம் வேண்டாம்” என்றார். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாயைக் காப்பாற்றிய அந்த வடகத்தை நான் பயபக்தியுடன் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றினார். அதைத் தரையில் தட்டியபோது சேலம் முதல் நாமக்கல் வரையிலான சாலையின் மண் முழுவதும் அதில் இருந்ததுபோல் தோன்றியது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசில்களையும் கைப்பம்பில் மாட்டி அழுத்திப் பார்த்தார். நல்ல நாசில் டீசலைப் பனிமூட்டமாகப் பீய்ச்ச வேண்டுமாம். என்னுடையவற்றில் இரண்டு மட்டும் அப்படிச் செய்தன. மற்ற இரண்டும் மழைக்குப் பின் ஓட்டுக்கூரை சொட்டுவதுபோல் சொட்டின. துளி பெரிதாக இருந்தால் முழுவதும் எரிய நேரம் போதாது. மிச்சம் கரியாக வெளியேறும்.

இதுவரை நான் தலை நிமிர்ந்தே நின்றிருந்தேன். அடுத்து அவர் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகின் மேல் டார்ச் அடித்து, “இந்தத் திருகின் சீலை உடைத்தது யார்?” என்றார்.

நான்தான். பல ஆண்டுகளுக்கு முன் மாமனார் குடும்பத்துடன் ஏற்காடு போனபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதிலேயே வண்டி முக்கி நின்றுவிட்டது. பின்னால் இறங்கி நின்ற மாமனார், “நடந்தே வந்திருக்கலாம்” என்று பொதுவாகச் சொன்னார். மறுநாளே ஒரு பட்டறையில் போய், எவ்வளவு முடியுமோ அவ்வளவு டீசலை ஏற்றி வைக்கச் சொன்னேன். பிக்கப் பிரமாதமாகக் கூடியது. ஆனால், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத இன்ஜின் ஒரு இழுப்பில் எடுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. டீசலைக் கூட்டலாம், காற்றைக் கூட்ட முடியாது. ஆக, மாமனாரின் ஒற்றை வாக்கியத்துக்கான பதிலை நான் இத்தனை ஆண்டுகளாக எதிர்வீட்டு அம்மாவின் வடகத்தின் மேல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பம்பைக் கழற்றி மேசைக் கருவியில் ஓட்டி, டீசல் அளவைக் குறைத்து, டீசல் பீய்ச்சும் நேரத்தை (டைமிங்) சரிபார்த்து, சொட்டிய இரண்டு நாசில்களையும் மாற்றி, புது ஃபில்டர் போட்டுத் தர இரண்டு நாள் ஆயிற்று. கிளம்பும்போது, ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் முக்க விடக்கூடாது என்றும், சைலன்சரில் தங்கிய பழைய கரி உதிரும்வரை சற்றுப் புகையும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். அந்தப் பழைய கரி ராசிபுரம் வரை என் பின்னால் வந்தவர்களை மிகவும் பயப்படுத்தியது. பரிசோதனை நிலையத்தில் 47 வந்தது. பையன் கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தச் சொன்னான்; அப்போதும் 47தான்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் அதைப் படிக்கவில்லை. வேட்டியில் புதிதாக வடகம் காய்ந்துகொண்டிருந்த கட்டிலைப் புகைக்குழாய்க்கு இன்னும் இரண்டடி நெருக்கமாக இழுத்துப் போட்டு, “இப்போது கிளப்புங்கள், தம்பி” என்றார். கிளப்பினேன். இரண்டு முறை அழுத்தவும் சொன்னார், அழுத்தினேன். அவர் குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்து, ஓரத்திலிருந்த ஒரே ஒரு வடகத்தை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார்.

“இது காக்கைக்கு” என்றார்.