பறக்கத் தெரியாத சூப்பர்மேன்: 1938 முதல் வரிசையாகப் படிக்கிறேன்

சூப்பர்மேனின் தொடக்கக் கதைகளை மறுபடி படிக்க உட்கார்ந்தபோது ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைத்துக்கொண்டேன்: வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். நோட்டில் ஒவ்வொரு கதைக்கும் இரண்டு குறிப்புகள். அவனால் என்னென்ன முடிகிறது, யாரோடு மோதுகிறான்.

முதல் குறிப்பு சுருக்கம். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அவன் பறப்பதில்லை. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுகிறான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது.

முதல் பக்கத்தில் பிறப்புக் கதை முடிந்ததும், கட்டுண்ட பெண்ணைச் சுமந்து அவன் பாய்ந்து செல்லும் காட்சி. ஏன், எங்கிருந்து என்று சொல்வதில்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் நாளிதழ்த் தொடராக உருவாக்கியதை வெட்டி ஒட்டித்தான் இதழாக்கினார்கள். அதில் தொடக்கம் விடுபட்டது. 1939இல் வந்த சூப்பர்மேன் முதல் இதழில் அந்தப் பக்கங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை முன்னால் வைத்துப் படித்துப் பார்த்தேன். சிறையைத் தாக்கும் கும்பல், கிளார்க் நிருபர் வேலை பெறுவது எல்லாம் தெளிவாகின்றன. ஆனாலும் எனக்குப் பிடித்தது அந்த அவசரத் தொடக்கம்தான். நிரபராதியான வேறொரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேறப்போகிறது. ஆளுநர் வீட்டு இரும்புக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே நுழைகிறான். இந்த வேகத்தில் யார் காரணம் கேட்பார்கள்?

இரண்டாவது குறிப்புதான் பக்கம் பக்கமாக நீண்டது. ஆக்‌ஷன் காமிக்ஸ் இரண்டாம் இதழில் எதிரி, போரைத் தூண்டி லாபம் பார்க்கும் ஆயுத முதலாளி. அவனையே படையில் சேரவைத்துப் போர்முனைக்கு இழுத்துச் செல்கிறான் சூப்பர்மேன். இரு தரப்புத் தளபதிகளையும் தூக்கிவந்து நேருக்கு நேர் மோதச் சொன்னால், எதற்காகச் சண்டை என்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் இதழில் சுரங்க விபத்து. சுரங்கத் தொழிலாளி வேடத்தில் இருக்கும் சூப்பர்மேன், விருந்துக் கோலத்தில் சுரங்கத்துக்குள் வந்த முதலாளியையும் விருந்தினர்களையும் உள்ளேயே சிக்கவைக்கிறான். தன் சுரங்கத்தின் பாதுகாப்பு எவ்வளவு கேவலம் என்பதை முதலாளி மூச்சுத் திணறித்தான் அறிகிறார்.

என் மனதை உலுக்கியது எட்டாம் இதழ். சிறுவர்கள் திருடர்களாவதற்கு அவர்கள் வளரும் குடிசைப் பகுதியே காரணம் என்று முடிவுசெய்து, அதைத் தரைமட்டமாக்குகிறான். புயல் அழித்த ஊருக்கு அரசு புது வீடு கட்டித்தந்த செய்தியைப் படித்துவிட்டு அவன் போட்ட கணக்கு அது. விமானங்கள் அவன்மேல் குண்டு வீச, மிச்சமிருந்ததும் இடிகிறது. முறை சரியா என்று இன்னும் எனக்குள் வாதம் நடக்கிறது. ஆனால் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த சீகல், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களின் கோபம் அதில் அப்படியே இருக்கிறது.

பதின்மூன்றாம் இதழில், 1939 ஜூனில், அல்ட்ரா ஹியூமனைட் என்ற விஞ்ஞானி வில்லன் வருகிறான். சுரங்க முதலாளியைப் படித்த வேகம் இங்கே எனக்கு வரவில்லை. அடுத்து 1940இல் வரும் லூத்தர் என்ற வில்லன் வரை போகிறேன். முதலாளிகளும் குடிசைப் பகுதிகளும் கதைகளிலிருந்து எந்த இதழில் விலகுகின்றன என்பதைத்தான் இனி குறித்துவைக்கப் போகிறேன்.