தம்பி சிகரெட்டை நிறுத்தினான், மாத்திரை தலைக்கேறியது

தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து 11 வருஷம் ஆகிறது. கடைசி நான்கு வருஷமாகக் குளோசபின் சாப்பிடுகிறான். காதில் கேட்ட குரல்கள் அடங்கியது அந்த மாத்திரையில்தான். ஆனால் நாளுக்கு 20 சிகரெட். பல் விளக்கும் முன்பே கடலூர் முதுநகர் டீக்கடையில் நிற்பான். மஞ்சள் ஏறிய அந்த இரண்டு விரல்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

போன மார்கழியில் நெஞ்சுச்சளி கட்டி மூச்சு வாங்கியது. "இனி வேணாம்க்கா" என்று அவனே விட்டுவிட்டான். வீட்டில் அத்தனை சந்தோஷம்.

பத்து நாள்தான். சோற்றில் கை வைத்தபடியே தூங்கினான். பேச்சு குழறியது. காலையில் தலையணை உறை எச்சிலில் ஊறிக் கிடக்கும். நோய் திரும்புகிறது என்று அம்மா அழுதார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

புதுச்சேரியில் அவனை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சிகரெட்டைக் குறைச்சாரா?"

சிகரெட் புகையில் உள்ள தார், ஈரலில் குளோசபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுமாம். அதனால் புகைப்பவர்களுக்கு டோஸ் கூடுதலாகத் தேவைப்படும். புகையை நிறுத்தினால் சில நாளில் அந்த வேகம் தணிந்து, அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் வலிப்புகூட வரலாம். இதே நோய்க்குத் தரும் ஓலான்சபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு வருஷமாக மாத்திரை வாங்கித் தருகிற எனக்கு இது தெரியாமல் போனதே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

டாக்டர் டோஸைக் குறைத்தார். ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டான். ஏக்கத்துக்கு நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். நொதியைத் தூண்டுவது புகைதான், நிக்கோட்டின் இல்லை என்பதால் அது மாத்திரையோடு மோதாது. அதை மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்த வாயோடு போட்டால் சரியாக வேலை செய்யாது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொடுத்தேன்.

திரும்பப் பிடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லியிருந்தார், டோஸ் மறுபடி போதாமல் போகும் என்பதால். குளோசபின் சாப்பிடுவதால் எடுக்கும் ரத்தப் பரிசோதனை நோட்டில் வெள்ளையணு எண்ணிக்கைக்குக் கீழே இப்போது சிகரெட் கணக்கும் எழுதுகிறோம். பங்குனியில் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "நேத்து மூணு பிடிச்சிட்டேன். எழுதிக்கக்கா" என்றான். எழுதிக்கொண்டேன்.