மூக்கில் விழுந்த ஃபோகஸ்

மார்ச் 2

கைமாறி வந்த 50 மி.மீ. f/1.1 லென்ஸ் இன்று கையில் கிடைத்தது (f எண் சின்னதாகச் சின்னதாகத் திறப்பு பெரிது). பெயர் பெரிதாக யாருக்கும் தெரியாத ஒன்று. என் எம் மவுன்ட் கேமராவின் பாடியில், அதாவது அதன் லென்ஸ் வாயில், வைத்துத் திருப்பியதும் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. 1954-இல் லைக்கா எம்3 கேமராவோடு வந்த வாய் இன்றுவரை மாறவில்லை என்பதால்தான் இது நடக்கிறது. ஃபோக்ட்லாண்டர், ஸைஸ் பெயர்களில் ஜப்பானின் கோசினா செய்யும் லென்ஸ்களும், சீனத்திலிருந்து வருபவையும் எல்லாம் இதே வாயில்தான் உட்காருகின்றன.

தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில், முழுத் திறப்பில் நாலு படம். இந்தக் கேமராவின் வியூஃபைண்டர் நடுவில் காட்சி இரட்டையாகத் தெரியும்; இரண்டு படமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. அவள் இமைமுடி அப்படி ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்த்துத்தான் அழுத்தினேன். கணினியில் பெரிதாக்கினால் கண் மங்கல், மூக்கு நுனி பளிச். "நான் அசையவே இல்லையே" என்றாள். அவள் மேல் தப்பில்லை. f/1.1-இல் ஒரு மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான்.

மார்ச் 3

ட்ரைபாட், ஸ்கேல். ஸ்கேலை மேஜையில் 45 டிகிரியில் சாய்த்து வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் வளையத்தை முடிவிலியிலிருந்தே கொண்டுவந்தேன். ஒரு தடவை இந்தப் பக்கமிருந்தும் அடுத்த தடவை அந்தப் பக்கமிருந்தும் வந்தால் வளையத்துக்குள் இருக்கும் திருகுமரையின் தளர்ச்சியும் கணக்கில் கலந்துவிடும்.

பத்துப் படத்திலும் ஒரே கதை. நடுக்கோட்டுக்கு முன்னால்தான் தெளிவு. சாய்வைக் கழித்தால் மூன்று சென்டிமீட்டர். அப்புறம் லைவ் வியூவில் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்தேன். கத்தி மாதிரி இருந்தது. ஆக, லென்ஸின் கண்ணாடியில் குறையில்லை.

மார்ச் 5

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள லென்ஸைக் கழற்றி வாய்க்குள் பார்த்தால் போதும். மேலே, உள்பக்கம், ஒரு சின்ன உருளை தெரியும். லென்ஸின் பின்விளிம்பு அதைத் தள்ளும். அந்தத் தள்ளலை வைத்துத்தான் வியூஃபைண்டரில் இரண்டாவது படம் நகரும். ஃபோகஸ் விஷயத்தில் பாடிக்கு வேறொன்றும் தெரியாது. என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறது, அது என்ன பார்க்கிறது, எதுவும் தெரியாது. 51.6 மி.மீ. குவியத்தூரமுள்ள ஒரு லென்ஸ் எவ்வளவு முன்னும் பின்னும் போகுமோ அதுதான் அதன் கணக்கு. 28-ஆனாலும் 90-ஆனாலும் லென்ஸ்காரர்தான் பின்விளிம்பைச் சரிவாகச் செதுக்கி அந்தக் கணக்குக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு மீட்டரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் போய்விடும்.

என் லென்ஸில் அந்தப் பின்விளிம்பு தனி வளையம்; சின்னத் திருகுகளைத் தளர்த்தி அதை நகர்த்தலாம். தளர்த்தினேன், நகர்த்தினேன், ஸ்கேலைப் படம் எடுத்தேன், திரும்ப நகர்த்தினேன். ஆறாவது முயற்சியில் நடுக்கோடு பளிச். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

மார்ச் 7

15 மி.மீ. லென்ஸை மாட்டி வெளியே போனேன். வானத்தின் ஓரங்களில் ஊதாச் சாயம். சென்சாருக்கு மிக அருகில் நிற்கும் பழைய அகலக் கோண லென்ஸ்களில் ஒளி ஓரங்களில் ரொம்பச் சாய்வாக விழுவதால் வருவது. என்ன லென்ஸ் என்று தேர்ந்தெடுக்கும் கேமரா மெனுவில் 21 மி.மீ. என்று பொய் சொன்னதும் பாதி குறைந்தது. மீதியைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டேன். வேலை முடிந்தது.

மார்ச் 10

இன்றைய நாள்தான் குழப்பமே.

அலமாரியில் கிடந்த ஜூப்பிட்டர்-8-ஐ எடுத்தேன். சோவியத் காலத்து 50 மி.மீ. f/2, திருகி மாட்டும் எம்39 வகை. அந்த வாய்க்கும் சென்சார் தளத்துக்கும் இடைவெளி 28.8 மி.மீ., எம் மவுன்ட்டுக்கு 27.8; அதனால் இடையில் மாட்டும் அடாப்டர் வளையத்தின் தடிமன் சரியாக ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காலிப்பரில் அளந்தேன், சரி.

ஸ்கேல் சோதனை. நடுக்கோட்டிலேயே, துளிகூட நகராமல், தெளிவு.

முதலில் சந்தோஷம்தான். அப்புறம் உறுத்தியது. ஜூப்பிட்டர்கள் ஸைஸின் பழைய கான்டாக்ஸ் கேமரா அளவை ஒட்டி 52.4 மி.மீ. கணக்கில் செய்யப்பட்டவை. 51.6-ஐ எதிர்பார்க்கும் பாடியில் அது கிட்டத்தில் வேண்டிய அளவுக்கு முன்னே வராது; ஃபோகஸ் பின்னால் விழ வேண்டும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: ஒரு மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தப்பாக வர வேண்டிய லென்ஸ் சரியாக வருகிறதென்றால்?

பாடியோடு வாங்கிய சொந்த 50 மி.மீ. f/2-ஐ மாட்டினேன். முன்னால் மூன்று சென்டிமீட்டர். இத்தனை நாள் இதை நான் f/5.6-க்குக் கீழே இறக்கியதே இல்லை. அந்தத் திறப்பில் பிசகு மறைந்தே போயிருக்கும்.

மாடிக்குப் போய்த் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தேன். வளையம் முடிவிலிக்கு வரும் முன்பே இரண்டு படங்களும் சேர்ந்து, முடிவில் நிற்கும்போது ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. முதல் நாளே, பத்து வினாடியில் செய்திருக்க வேண்டிய சோதனை. போன வருடம் பையோடு படிக்கட்டில் உருண்டது இந்தப் பாடிதான். உருட்டியது நான்தான்.

ஆக, பிசகு பாடியில்; புது லென்ஸ் யோக்கியமாகத்தான் வந்திருக்கிறது. அதன் ஒழுங்கைக் கெடுத்தது நான்.

மார்ச் 12

பாடியைச் சரிசெய்பவரிடம் கொடுத்தேன். f/1.1-ஐயும் வாங்கிப் பார்த்தார். "நீங்களே திருகினீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 20

பாடி வந்தது. கோபுரம் முடிவிலியில் ஒன்றாகச் சேர்கிறது. சொந்த 50-இல் கண் என்றால் கண்தான். எதிர்பார்த்தபடியே f/1.1 இப்போது மூன்று சென்டிமீட்டர் பின்னால் போகிறது. மூக்குக்குப் பதில் காது.

இரவு முழுக்கப் பழைய இடத்தைத் தேடினேன். வளையத்தை ஒரு தலைமுடி அகலம் நகர்த்தினாலே ஸ்கேலில் ஒரு கோடு தாண்டுகிறது. திருகை இறுக்கும்போதே வளையம் கொஞ்சம் இழுபடுகிறது என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். அந்த இழுப்பையும் சேர்த்து முன்கூட்டியே விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்பதாவது முறையில் சரி. பென்சில் கோடு போட்டாயிற்று, அதன் மேல் ஊசியால் ஒரு கீறலும்.

மார்ச் 22

தங்கை திரும்பவும் ஜன்னலோரம். f/1.1, இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஜூப்பிட்டரையும் மாட்டினேன். இப்போது புத்தகத்தில் உள்ளபடியே பின்னால் விழுகிறது. அதைத் திருக மனமில்லை. படங்கள் சேர்ந்ததும் இடுப்பிலிருந்து ஒரு மூன்று சென்டிமீட்டர் பின்னால் சாய்ந்து அழுத்துகிறேன். "ஏன் என்னைப் பார்த்துப் பின்வாங்குகிறாய்?" என்கிறாள். ஐந்தில் மூன்று படம் கண்ணில் விழுகிறது.