வால்பாறை ஏற்றத்துக்கு முன் பொள்ளாச்சியில் ஒரு ஞாயிறு

பழைய கார் வைத்திருப்பவர்களான எங்கள் பொள்ளாச்சிக் கூட்டத்தில் யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹெரால்டு அண்ணன், பத்மினி டாக்டர், கான்டசா மாமா என்று காரோடு சேர்த்துத்தான் அழைப்பு. எனக்கு அங்கே ‘மார்க் ஃபோர்’ என்று பெயர். அப்பா 1984-ல் வாங்கிய மார்க் ஃபோர் மாடல் அம்பாசிடரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதால் கிடைத்த பெயர். அதில் எனக்குப் பெருமைதான்.

பொங்கல் முடிந்ததும் எல்லோருமாகப் பழைய கார்களிலேயே வால்பாறைக்கு ஏறுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை முடிவு செய்ய ஹெரால்டு அண்ணனின் தென்னந்தோப்பில் கூடினோம். கரூரிலிருந்து இருட்டோடு கிளம்பி, தாராபுரம், உடுமலை வழியாகப் போனேன். தாராபுரம் தாண்டினால் இருபுறமும் காற்றாலைகள். அந்தப் பக்கவாட்டுக் காற்றில் புதிய சிறிய கார்கள் லேசாக ஆடும். அம்பாசிடர் தன் எடையோடு நேராகப் போகும். முன் கதவில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். காற்று நேராக முகத்துக்கு வந்தது. ஏ.சி. இல்லாத குறையே தெரியவில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டை ஏன் கைவிட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

தோப்பில் கார் நிறுத்துவதற்கே ஒரு முறை உண்டு. காய் பறித்து முடித்த வரிசையில்தான் நிறுத்த வேண்டும். முன்பு ஒரு முறை மாருதி 800 வைத்திருக்கும் தம்பி நல்ல நிழலாகப் பார்த்து ஓரமாக நிறுத்தினான். கூரை மேல் காய்ந்த மட்டை ஒன்று விழுந்தது. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். அவன் மட்டும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. “மட்டை என்றால் பரவாயில்லை அண்ணா, தேங்காய் என்றால் சொல்லுங்கள்” என்று பாயசத்தை முடித்துவிட்டுத்தான் வந்தான். அந்தப் பள்ளம் இன்னும் கூரையில் இருக்கிறது. தட்டி நிமிர்த்த அவனுக்கு மனம் வரவில்லை.

பழைய கார்க்காரர்கள் கூடினால் முதலில் திட்டம் வராது, கதைதான் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரியலாம். என் அனுபவத்தில், ஒரு காரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்தக் கதைகளில்தான் இருக்கிறது. எந்த கார் எங்கே நிற்கும், நின்றால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் சிரிப்போடு வந்துவிடும். அன்று போட்ட திட்டத்தில் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவர் வழியில் நின்ற கதை இருந்தது.

முதலில் ஹெரால்டு அண்ணன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் 1961 முதல் தயாரான கார். அதன் பேனட் மற்ற கார்களைப் போலக் கண்ணாடிப் பக்கம் தூக்குவது இல்லை. மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து கார் முகம் முழுவதுமாக முன்பக்கம் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்க அதைவிட வசதியான அமைப்பு கிடையாது. அண்ணன் ஒரு தடவை பல்லடம் சாலையில் டீக்கடை முன்னால் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இரு பக்கக் கொக்கியையும் எடுத்துவிட்டு பேனட்டைச் சாய்த்திருக்கிறார். கடைக்குள் இருந்தவர்கள் வண்டி இரண்டாக உடைந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்கள். இருவர் முன்பகுதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் கிணற்றுக் கயிற்றோடு வந்துவிட்டார். “உடையவில்லை, இது இப்படித்தான்” என்று சொன்னால் நம்ப ஆளில்லை. மூடிக் காட்டி, மறுபடியும் திறந்து காட்டிய பிறகுதான் கையை எடுத்தார்கள். டீக்குக் காசு வாங்கவில்லையாம்.

என்னுடையதைவிடப் பழைய மாடல் அம்பாசிடர் வைத்திருக்கும் மார்க் டூ தாத்தாவின் கதை ஓட்டல் வாசலில் நடந்தது. பேரன் கல்யாணத்துக்காகப் பெரிய ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்தார்கள். கார் நிறுத்தும் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து அந்தப் பையன் முகம் வெளிறி வந்து நின்றான். “ஐயா, உங்கள் காரில் கியரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.” ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் தண்டை அவன் பார்த்ததே இல்லை, இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில் தேடியிருக்கிறான். தாத்தா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, பிறகு அவனையே ஓட்டச் சொன்னாராம். முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தத் தரையில் காலால் அமுக்கும் டிப்பர் சுவிட்சைக் கண்டதும் அவனுக்கு வந்த சந்தோஷத்தைத் தாத்தா சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆனால் அன்றைய நாளின் கதை கான்டசா மாமாவுடையதுதான். எண்பதுகளில் அவரிடமும் வெள்ளை அம்பாசிடர் இருந்தது. அப்போது கல்யாண மண்டப வாசலில் நின்ற கார்களில் பாதிக்கு மேல் வெள்ளை அம்பாசிடர்தான். சாவியும் பூட்டும் தேய்ந்துபோனால் ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டியைத் திறந்துவிடும் என்பது அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். திருப்பூரில் ஒரு முகூர்த்தம். சாப்பிட்டுவிட்டு மாமா காரை எடுத்தார், பல்லடம் பக்கம் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்:

“ராசா, அவிநாசிக்கு இந்த வழியாகவா போவார்கள்?”

திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத பாட்டி ஒருவர், தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கி எழுந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மாமா வண்டியை ஓரம் கட்டி, “பாட்டி, நீங்கள் யார்?” என்றார். பாட்டி, “அதை நான்தானே கேட்க வேண்டும்?” என்றார்.

உடனே திருப்பி மண்டபத்துக்கு வந்தார்கள். அங்கே பாட்டியைக் காணோம் என்று யாரும் தேடவில்லை. ஏனென்றால் அந்த வீட்டார் மாமாவின் காரை எடுத்துக்கொண்டு அவிநாசிக்குக் கிளம்பிவிட்டார்கள். பாட்டி இன்னொரு காரில் வருகிறார் என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். மாமா வண்டியின் டிக்கியில் பருத்திக்கொட்டை மூட்டை வேறு. வீட்டுக்குப் போய் டிக்கியைத் திறந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டார் பருத்திக்கொட்டை சீர் வைக்கிறார்களா என்று குழம்பியிருக்கிறார்கள். மாமா பாட்டியை அவிநாசிக்கே கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் ஊர், உறவு விசாரித்துக்கொண்டே வந்த பாட்டி, மாமாவின் மாமியார் ஊரில்தான் தன் வீட்டுக்கும் பெண் எடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டார். கார் மாறியது, சொந்தம் சேர்ந்தது. இன்று வரை அந்த வீட்டு விசேஷப் பத்திரிகை மாமாவுக்கு வருகிறது.

இதிலிருந்து பயணத்தின் முதல் விதியை எழுதினோம். ஒவ்வொரு காருக்கும் முன்னும் பின்னும் எண் ஒட்ட வேண்டும். நிற்கும் இடத்திலெல்லாம் கிளம்பும் முன் அந்தந்த காரின் ஆட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்களிடமே இரண்டு வெள்ளை அம்பாசிடர்கள் இருக்கின்றன.

பத்மினி டாக்டரின் கதை மலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் நண்பருக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை டாக்டரின் பிரீமியர் பத்மினியில்தான் ஏற்றிப் போனார்கள். மே மாத மதியம். ஆழியாறு தாண்டிச் சில வளைவுகள் ஏறியதும் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. பத்மினியில் ஃபியூயல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். கீழ் கியரில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், உள்ளே புகும் காற்றும் குறைவு. அந்தச் சூட்டில் பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது. இதற்கு உலகம் முழுக்க ஒரே கை வைத்தியம்தான்: பம்பின் மேல் ஈரத் துணி.

தண்ணீர் இருந்தது, துணி இல்லை. மாப்பிள்ளை தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தைத் தானே எடுத்து நீட்டினார். நனைத்துச் சுற்றியதும் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. பிறகு இரண்டு மூன்று இடங்களில் அதே வைத்தியம். மேலே போனதும் பெண் வீட்டார் வெறும் தோளைப் பார்த்துக் கேட்டதற்கு மாப்பிள்ளை, “பொன்னாடையை எஞ்சினுக்குப் போர்த்தியிருக்கிறோம்” என்றாராம். இப்போது டாக்டரின் டிக்கியில் எப்போதும் பழைய வேட்டித் துண்டுகள் இருக்கும். ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட்டார். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். எங்கள் பட்டியலில் அது எல்லோருக்கும் கட்டாயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வழியை ஒரு முறை பார்த்து வரலாம் என்று பத்மினியும் என் மார்க் ஃபோரும் கிளம்பின. நல்ல வெயில் நேரத்தில் ஏறிப் பார்ப்பதுதான் சரியான சோதனை என்றார் டாக்டர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை சமதளம், தென்னை, புளியமரம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். குரங்கு அருவியைக் கடந்ததும் ஏற்றம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. அம்பாசிடரை இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் அந்த 1489 சிசி எஞ்சின் அவசரப்படாமல் இழுத்துக்கொண்டே போகிறது. வளைவில் மட்டும் முதல் கியர். பவர் ஸ்டியரிங் இல்லாததால் தோள் வலிக்கும். எனக்கு அது பிடித்த வலி.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். இங்கே முதல் நிறுத்தம் என்று குறித்தோம். பாறை ஓரத்தில் வரையாடுகள் நின்றன. ஆளைப் பார்த்து விலகவும் இல்லை. அங்கே ஹாரன் அடிப்பதில்லை, யாரும் தின்பண்டம் போடுவதில்லை என்றும் எழுதிக்கொண்டோம். அடுத்த நிறுத்தம் அட்டகட்டி. அதற்கு மேல் தேயிலைத் தோட்டம் தொடங்குகிறது, காற்று குளிர்ந்துவிடுகிறது, எஞ்சினுக்கு நிம்மதி. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கும். அங்கே விளக்கைப் போட்டு, மெதுவாக. வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும் இடத்தில் மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இரவில் யானைகள் தோட்டங்களுக்குள் நடமாடும் ஊர் அது. ஆகவே இருட்டிய பின் யாரும் சாலையில் இல்லை என்பதில் விவாதமே வரவில்லை.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். சாலை ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிட்டோம். மலைச் சாலையில் அதுதான் சட்டம். பத்மினியிலும் என் அம்பாசிடரிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்புப் போய்விடும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பயணத்துக்கு வர வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். இந்த ஒன்றில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மாலையில் தோப்புக்குத் திரும்பியதும் வரிசை பற்றிப் பெரிய வாக்குவாதம். மெதுவாக ஏறும் கார் முன்னால் போக வேண்டும், அதன் வேகமே எல்லோருடைய வேகம். அப்படியானால் மார்க் டூதான் முதல். தாத்தாவுக்குச் சுருக்கென்றது, ஆனால் கொடி கட்டிய கார் முன்னால் போகும் என்று ஹெரால்டு அண்ணன் சொன்னதும் சம்மதித்துவிட்டார். ஹெரால்டு இரண்டாவது. சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் அந்தக் காருக்குக் கொண்டை ஊசி வளைவு விளையாட்டு மைதானம். கடைசி வண்டி தன்னுடையதாக இருக்கட்டும் என்று 800 தம்பி ஆசைப்பட்டான். ஓர் அம்பாசிடர் நின்றுபோனால் 800-ஆல் மலையில் இழுக்க முடியாது. எடையும் எஞ்சினும் உள்ள கான்டசாதான் கயிறு, மெக்கானிக், உதிரிச் சாமான்களோடு கடைசியில் வரும்.

எல்லோரும் சேர்ந்து ரயில் மாதிரி ஒட்டிப் போகக் கூடாது. இடையில் பஸ் புகுந்து முந்த இடம் வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் காருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். ஃபேன் பெல்ட், கண்டென்சர், பாயின்ட் செட், ரேடியேட்டர் ஹோஸ், தண்ணீர் கேன், சக்கரத்துக்கு வைக்கும் மரக்கட்டை ஆகியவை ஒவ்வொரு டிக்கியிலும் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் பொள்ளாச்சியில் பெட்ரோல் போட்டுக் கிளம்புகிறோம். பருவமழையை விட்டு ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதுதான். தென்மேற்குப் பருவத்தில் அந்த மலையில் கொட்டும் மழைக்கு எங்கள் வைப்பர்கள் ஈடு கொடுக்காது.

இனி எஞ்சியிருப்பது வொர்க்‌ஷாப் வேலை. என் காருக்குப் பிரேக் லைனிங் மாற்ற வேண்டும். தாத்தாவின் மார்க் டூவுக்கு கிளட்ச் தட்டு பார்க்க வேண்டும். ஹெரால்டுக்கு உதிரியாக ஒரு ஹெட் காஸ்கெட் கையில் இல்லாமல் கிளம்புவது சரியில்லை. சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் தேடச் சொல்லியிருக்கிறோம். உங்களில் யாரிடமாவது பழைய ஹெரால்டு சாமான் பெட்டி ஒன்று பரணில் கிடந்தால், தயவுசெய்து இறக்கிப் பாருங்கள்.