கடுகு மாஸ்டரின் பனம்பழம்

கார்த்திகையில் மாஸ்டர் மோசம் போன செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்றே, அவர் நினைவாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் முடிவெடுத்தது. மோட்டர் வைத்த பிளாஸ்ரிக் ஞாயிற்றுத் தொகுதி ஒன்று, ஆளியைப் போட்டால் கோள்கள் சுற்றுமாம். படத்தைக் குழுவில் போட்டிருந்தார்கள். நடுவில் தோடம்பழம் அளவில் சூரியன், ஒரு சாண் தள்ளித் தேசிக்காய் அளவில் வியாழன், பூமி ஒரு புளியங்கொட்டை. மாஸ்டர் முப்பது வருடமாக எதை எதிர்த்துப் பாடம் எடுத்தாரோ, அதையே காசு சேர்த்து வாங்கி, அவர் பெயரையும் ஒட்டி அனுப்பப் போகிறோம்.

எங்கள் வயதுக்காரருக்குக் கடுகு மாஸ்டர் என்ற பட்டத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் அவருடைய அளவுகளை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. கொப்பிகள் இடப்பெயர்வில் போயின. நினைவில் இருப்பதைத் திரும்பக் கணக்குப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

அளவுத்திட்டம் ஒன்றுதான்: ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீற்றர். அப்படியானால் சூரியன் 14 சென்ரிமீற்றர். மூன்றாம் தவணை தொடங்க, ஆவணி புரட்டாதியில் பனம்பழம் விழும். பாடத்தை அதுவரைக்கும் தள்ளி வைப்பார். எந்தப் பழமும் சரிவராது. மட்டை ஒன்றில் 14 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி வைத்திருந்தார். அதற்குள் மட்டுமட்டாக நுழைகிற பழம்தான் சூரியன். நுழையாததும் ஆடுவதும், களி பிழிந்து காயவைக்கிற பினாட்டுக்கு.

பூமி 1.3 மில்லிமீற்றர், வெள்ளி 1.2. இரண்டும் கடுகு. பருத்த கடுகு 2 மில்லிமீற்றரைத் தொடும், ஆகையால் சின்னதாகப் பொறுக்க வேண்டும். புதன் அரை மில்லிமீற்றர், செவ்வாய் 0.7. ரவையில் பொடிசு ஒன்று, பெரிசு ஒன்று. வியாழன் 14 மில்லிமீற்றர், சின்னப் போளை. சனி 12 மில்லிமீற்றர், இரவு முழுக்க ஊறிய கடலை. சனியின் வளையத்துக்குக் கடதாசியில் 27 மில்லிமீற்றர் வட்டம் வெட்டி, நடுவில் 15 மில்லிமீற்றர் ஓட்டை போடவேண்டும். கடலைக்கும் கடதாசிக்கும் இடையில் இடைவெளி தெரியவேண்டும், ஒட்டக்கூடாது. யுரேனசும் நெப்ரியூனும் 5 மில்லிமீற்றர், நல்ல பருத்த மிளகு. நிலா 0.35 மில்லிமீற்றர், ஒரு மணல்.

ஒவ்வொன்றையும் கறுப்பு மட்டையில் விளாம்பிசினால் ஒட்டுவோம். சோற்றுப் பசையால் ஒட்டினால் எறும்பு வந்துவிடும். கடலையைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு வரக்கூடாது. ஒருமுறை சனியைக் காகம் கொண்டுபோனது.

தூரத்தை அளக்கத்தான் கூடின வில்லங்கம். கவட்டைப் போட்டு அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும். தும்புக்கயிறு நனைந்தால் சுருங்கும். அதனால் கிட்ட இருக்கிற நாலு கோளுக்கு நாடா, தூரத்துக் கோள்களுக்கு மாஸ்டரின் 28 அங்குலச் சைக்கிள். முன்சில்லின் கம்பியில் சிவப்புத் துணி கட்டி, ஏறாமல் உருட்டிக்கொண்டு போகவேண்டும். ஏறினால் ரயர் அமுங்கிச் சுற்றளவு குறையும். ஒரு சுற்று 2.2 மீற்றர். வியாழன் 78 மீற்றர், 35 சுற்று. சனி 143 மீற்றர், 65 சுற்று. யுரேனஸ் 287 மீற்றர், 130 சுற்று. நெப்ரியூன் 450 மீற்றர், 204 அல்லது 205. எண்ணுகிறவன் இடையில் யாரோடாவது கதைத்தால் திரும்பப் பனம்பழத்திலிருந்து.

கிரிக்கெட் பிச்சின் ஒரு விக்கெற்றில் பனம்பழம். புதன் 5.8 மீற்றரில், வெள்ளி 10.8 மீற்றரில், பூமி 15 மீற்றரில். பிச்சின் நீளம் 20 மீற்றர் சொச்சம். அடுத்த விக்கெற்றையும் தாண்டி விக்கெற் கீப்பர் நிற்கிற இடத்தில், 22.8 மீற்றரில் செவ்வாய். அதுவரைக்கும் எல்லாருக்கும் உற்சாகம். வியாழன் பவுண்டரிக் கோட்டில். சனிக்கு மதில் தாண்டவேண்டும். யுரேனஸ் சங்கக்கடை, நெப்ரியூன் வாசிகசாலைக்கு அங்கால். புளூட்டோ அந்த வருடங்களில் நெப்ரியூனுக்கு உள்ளே சில மீற்றரில் இருந்தது. 1979 முதல் 1999 வரை அது நெப்ரியூனை விடச் சூரியனுக்குக் கிட்ட. அப்போது அதுவும் கோள்தான், 2006இல்தான் பதவி போனது.

வாசிகசாலையில் நின்று திரும்பிப் பார்க்கச் சொல்வார். பனம்பழம் தெரியாது. அதுதான் பாடம், வேறு ஒன்றும் சொல்லமாட்டார். நடந்து திரும்பி வருகிறபோதுதான், இந்த அளவில் வெளிச்சம் ஒரு செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர் போகும், எறும்பு ஊர்கிற வேகம் என்பார். பனம்பழத்திலிருந்து கடுகுக்கு 8 நிமிடமும் 20 செக்கனும். வாசிகசாலைக்கு 4 மணித்தியாலத்துக்கு மேலே. கடுகு தன் ஒழுக்கில், அதாவது சூரியனைச் சுற்றுகிற பாதையில், நாளொன்றுக்கு 26 சென்ரிமீற்றர் நகரும், ஒரு சாணும் கொஞ்சமும். நிலா மணல் கடுகிலிருந்து 3.8 சென்ரிமீற்றர். “மனிசன் போனது இவ்வளவும்தான்” என்று பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டுவார்.

இனி முட்டைக் கதை. அது யாருக்கு நடந்தது என்று அந்த வகுப்பில் இருந்த எல்லாருக்கும் தெரியும், பெயர் போடவில்லை. பூமியின் ஒழுக்கைக் கரும்பலகையில் கீறச் சொன்னார். புத்தகத்தில் இருந்த படத்தைப் போலவே ஒருவன் நீட்டி ஒரு நீள்வளையம் கீறி, ஒரு முனைக்குப் பக்கத்தில் சூரியனையும் வைத்தான். சித்திரையில் வெயில் கொளுத்துவது அப்போது பூமி கிட்டப் போவதால் என்றும் சொன்னான். மாஸ்டர் கரும்பலகையைச் சாய்ந்து நின்று பார்த்தார்.

“உதென்ன தம்பி, கோழி முட்டையோ, தாரா முட்டையோ?”

வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் சில பேருடைய காதில் இருக்கும். முட்டை என்ற பட்டம் ஓ/எல் பரீட்சை முடியும் மட்டும் போகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு பாடவேளையும் அந்த முட்டையைத் திருத்துவதற்கே போயின. இரண்டு ஊசியும், தங்கூசி என்கிற நைலோன் நூலில் முடிந்த தடமும். பஞ்சுநூல் இழுபடும், கோடு நெளியும், ஆகவே தங்கூசி. அரைப்பேரச்சு, அதாவது நீளப் பக்கத்து விட்டத்தில் பாதி, 10 சென்ரிமீற்றர் என்றால், பூமியின் ஒழுக்குக்கு ஊசி குத்துகிற இரண்டு குவியங்களுக்கும் இடையில் 3.3 மில்லிமீற்றர்தான். குண்டூசி இரண்டைக் குத்தினால் தலையும் தலையும் முட்டும், தையல் ஊசிதான் சரி. தடத்தின் முழு நீளம் 20 சென்ரிமீற்றரும் 3 மில்லிமீற்றரும், முடிச்சுப் போட்ட பிறகு அளந்தது. கீழே சவர்க்காரப் பெட்டி மட்டை இரண்டு தட்டு, இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் ஊசி உள்ளுக்குச் சரியும்.

கீறி முடிந்ததும் கவராயத்தால் அதன்மேலேயே 10 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போடச் சொன்னார். இரண்டு கோடும் ஒன்றில் ஒன்று படுத்தன. நீள்வளையம் குறுக்குப் பக்கம் ஒடுங்குவது ஒரு மில்லிமீற்றரில் எழுபதில் ஒரு பங்கு, பென்சில் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். ஒழுக்கு கண்ணுக்கு வட்டம்தான், சூரியன் நடுவிலிருந்து 1.7 மில்லிமீற்றர் விலகி நிற்கிறது, அவ்வளவுதான். செவ்வாய்க்கு ஊசிகள் 19 மில்லிமீற்றர் விலகவேண்டும், அதுகூடப் பார்வைக்கு வட்டம். முட்டை வேண்டுமென்றால் ஹலி வால்வெள்ளியைக் கீறு என்றார். அதற்கு ஊசிகள் 19.3 சென்ரிமீற்றர் விலகும்.

வெயில் கணக்கை லீவுக்கு வைத்தார். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது தை பிறக்க முன், ஜனவரி முதல் வாரத்தில். பனி கொட்டுகிற காலம். மிகத் தள்ளிப் போவது ஜூலையில். பிச்சில் அந்த வித்தியாசம் அரை மீற்றர். சித்திரை வெயிலுக்குக் காரணம் வேறு: ஏப்பிரல் 15 அளவில் யாழ்ப்பாணத்துக்கு உச்சியில் சூரியன் நிற்கும், திரும்ப ஆகஸ்ட் 28 அளவில். பகல் 12 மணி 10 நிமிடத்துக்குக் கிணற்றுக்கட்டில் நின்று எட்டிப் பார்க்கச் சொன்னார். தண்ணீரில் நேரே சூரியன் கிடக்கும், முற்றத்தில் வைத்த போத்தலுக்கு நிழல் இராது. 12 மணிக்கே பார்த்துவிட்டுப் பொய் என்று சொன்னவர்களுக்கு, எங்கள் மணிக்கூடு 82½ பாகைக்கு வைத்தது, நாங்கள் 80இல் இருக்கிறோம் என்ற பதில் கிடைத்தது.

வானத்தில் செவ்வாய் சில காலம் பின்னால் போவது போலத் தெரிவதைக் காட்டுகிற ஆட்டம் மைதானத்தில். 15 மீற்றரிலும் 23 மீற்றரிலும் சாம்பலால் இரண்டு வட்டம். உள்ளே பூமி, வெளியே செவ்வாய். பூமி 5 அடி வைக்கச் செவ்வாய் 4 அடி, ஒரே திசையில். பூமியாக நிற்பவன் கையில் தடி, அது எப்போதும் செவ்வாயை நோக்கியே நீட்டி இருக்கவேண்டும். தடி முன்னால் நகர்ந்து வந்து, நின்று, பின்னால் போய், திரும்ப நின்று முன்னால் வரும்.

இதில் பிழைக்கிற இடங்கள் மூன்று. இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தித் தொடங்கினால் பின்னோட்டத்தின் பாதி போய்விடும். தடி திரும்புவது நேருக்கு நேர் வர 12 அடி இருக்கும்போது, ஆகையால் 40 அடி பின்னுக்கிருந்து தொடங்கவேண்டும். இரண்டாவது, பின்னால் பார்க்கிற மரம். மதிலோரம் 40 மீற்றரில் நின்ற தென்னையை அடையாளமாக வைத்தபோது செவ்வாய் நேருக்கு நேரில் அசையாமல் நின்றது. அதை விடக் கிட்ட என்றால் பின்னால் போகவே போகாது. 200 மீற்றருக்கு அங்கால் தெரிந்த பனைகளை வைத்த பிறகுதான் ஆட்டம் சரிவந்தது. மூன்றாவது, செவ்வாயாக நிற்கிறவனின் ரோசம். முந்த விடமாட்டான்.

1986இன் தொடக்கம் மாஸ்டருக்குக் கொழுத்த காலம். ஜனவரி 24இல் வொயேஜர் 2 விண்கலம் யுரேனசைத் தாண்டியது. நாலு நாள் கழித்து, புறப்பட்ட 73ஆவது செக்கனில் சலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. ஏழு பேரில் ஒருவர் கிறிஸ்ரா மக்கோலிஃப், பள்ளிக்கூட ஆசிரியை, விண்ணிலிருந்து பாடம் எடுக்கப் போனவர். மாஸ்டர் மறுநாள் வகுப்பில் ஒன்றும் கதைக்கவில்லை. குளிரில் இறுகிய றப்பர் வளையமே காரணம் என்று பிறகு தெரிய வந்தபோது, ஐஸ்பழக்காரனிடம் ஐஸ் வாங்கி, சைக்கிள் ரியூப் துண்டை அதில் அமத்தி வைத்துக் காட்டப் பார்த்தார். எங்கள் முன்னால் தோற்றுப்போன செய்முறை அது ஒன்றுதான். எடுத்த உடனே றப்பர் நிமிர்ந்துவிட்டது. இயற்கை றப்பர் ஐஸ் குளிருக்கு அசையாது, சலஞ்சரில் இருந்தது வேறு வகைச் செயற்கை றப்பர். “எங்கட றப்பர் நல்ல றப்பர்” என்று கரண்டியை மேசையில் வைத்தார். மார்ச் நடுவில் ஜியொற்றோ விண்கலம் ஹலியின் கருவிலிருந்து 600 கிலோமீற்றரில் போனது. ஹலியை வெறுங்கண்ணால் பார்க்க விடியப்புறம் எழும்பியவர்கள் ஏமாந்தார்கள். மங்கிய பஞ்சுத் துண்டு.

பனம்பழ அளவில் அடுத்த நட்சத்திரம் எங்கே என்று ஒருவன் கேட்டான். நாலாயிரம் கிலோமீற்றர். வரைபடத்தில் கவராயத்தை யாழ்ப்பாணத்தில் குத்திச் சுற்றினார், ரியாத்துக்குச் சற்று அங்கால் போனது. வகுப்பில் பாதிப் பேருக்கு அண்ணனோ மாமாவோ சவூதியில். சீரியஸ் எண்ணாயிரத்துச் சொச்சம், சூரிச்சுக்கும் பாரிசுக்கும் இடையில். நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டுதான் எழுதினோம். இந்த மலர் வெளிவருகிற ரொறன்ரோ 13,700 கிலோமீற்றர். அது அவருடைய பட்டியலில் இருக்கவில்லை. கணக்குப் பார்த்தேன், பதினாலரை ஒளியாண்டு.

வொயேஜர் 1ஐயும் அன்றைக்கே கணக்குப் பார்த்தார். செக்கனுக்கு 17 கிலோமீற்றர் என்றால் எங்கள் அளவில் வருடத்துக்கு 54 மீற்றர். அப்போது அது வாசிகசாலைக்கும் வரவில்லை. மைதானத்திலிருந்து மாஸ்டர் வீட்டுப் படலை இரண்டரைக் கிலோமீற்றர். “2025 அளவில வந்து சேரும், அப்ப ஆர் ஆர் இஞ்ச நிக்கிறியள் எண்டு பாப்பம்” என்றார். 2025 நடுப்பகுதியில் வந்தது. மாஸ்டர் நின்றார்.

பிளாஸ்ரிக் தொகுதிக்கு இன்னும் ஓடர் கொடுக்கவில்லை என்று செயலாளர் சொன்னார். ஆவணிக்கு முன் யாராவது ஊருக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். 14 சென்ரிமீற்றர் ஓட்டை போட்ட மட்டை ஒன்று வெட்டித் தருகிறேன், பெட்டியில் தட்டையாகக் கிடக்கும். மிச்சம் எல்லாம் அங்கேயே இருக்கிறது.