அவரவர் பிழையை அவரவர் சொல்லட்டும்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் சமரச மையம் தொடங்கப்பட்டது. பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. அப்படியொரு மாவட்ட மையத்தில் நான் சமரசராக இருக்கிறேன். என் மேசைக்கு வரும் கட்டுகளில் பாகப்பிரிவினை வழக்குகள்தான் அதிகம். இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைப்பது, தனித்தனியே பேசுவது, தேவை என்ன என்று கேட்டறிவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் சொத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாதபடி இருபது வருடத்துப் பழங்கதை குறுக்கே வந்து நிற்கும்போது என்ன செய்வது? அதை நான் கற்றுக்கொண்டது பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்திலிருந்து.

தேரவாதப் பிரிவுப் பிக்குகளுக்கு 227 விதிகள். அவற்றில் கடைசி ஏழும் பூசலைத் தீர்க்கும் வழிகள். புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 104-ஆவது சூத்திரம் இந்த ஏழு வழிகளையும் விளக்குகிறது. பாவா நகரில் மகாவீரர் மறைந்ததும் அவருடைய சீடர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட புத்தரின் சீடர் ஆனந்தர், தங்கள் சங்கத்துக்கும் நாளை இந்த நிலை வரக் கூடாதே என்று கலங்கினார். அப்போது புத்தர் சொன்ன ஏற்பாடு இது. சம்பந்தப்பட்டவர்கள் நேரில் இருக்க வேண்டும். முடிவு வராவிட்டால் பெரும்பான்மையின் கருத்தைக் கேட்கலாம். பிழை செய்தவர் ஒப்புக்கொண்டால் அதைக்கொண்டே முடிக்கலாம் என்றெல்லாம் வரிசையாகப் போகிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது ஏழாவது. அதற்குத் திணவத்தாரகம், அதாவது புல்லால் மூடுதல் என்று பெயர்.

சண்டை முற்றி, இரண்டு பக்கமும் சொல்லக் கூடாததைச் சொல்லி, செய்யக் கூடாததைச் செய்துவிட்டார்கள். இனி ஒவ்வொன்றாகத் தோண்டினால் பகைதான் வளரும். அந்த நிலைக்கான வழி இது. எல்லாரும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஒவ்வொரு தரப்பிலிருந்தும் தகுதியான ஒருவர் எழுந்து, கைகூப்பி, தன் தரப்பார் செய்த பிழைகளையும் தன் பிழையையும் சபை முன் ஒப்புக்கொள்வார். எதிர்த்தரப்பின் குற்றத்தைச் சொல்ல அங்கே இடமே இல்லை.

இதை நான் முயன்று பார்த்த வழக்கு ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பூர்வீக வீட்டிலும் நிலத்திலும் பங்கு கேட்டுத் தங்கை போட்ட வழக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. ஆனால் அண்ணன் பையிலிருந்து எடுத்தது பத்திரத்தை அல்ல, மொய் நோட்டை. "இதைப் பாருங்க மேடம், இவ பிள்ளைங்க காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரா நான் செஞ்சது இது. என் மக கல்யாணத்துக்கு இவங்க வச்ச மொய் இது." மஞ்சள் பூத்த பக்கங்களில் சில வரிகளுக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் கோடு. தங்கை நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா போனப்ப எனக்குச் சொல்லி அனுப்பினது எத்தனை மணிக்குன்னு அவரைக் கேளுங்க" என்றார்.

அடுத்த அமர்வுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வர வேண்டும். அவர் தம் பக்கத்துப் பிழையை மட்டும் சொல்ல வேண்டும். தங்கை பக்கம் அவருடைய மகன் எழுந்தான். "தாத்தா காரியத்தன்னைக்கு நாங்க சாப்பிடாம எந்திரிச்சுப் போனது தப்பு மாமா" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன் மனைவி, "பதினாறு முடியறதுக்குள்ள பீரோவைத் திறந்தது எங்க தப்பு. அவ வந்தப்புறம் திறந்திருக்கணும்" என்றார். மொய் நோட்டு பைக்குள் போனது. வீட்டை அண்ணன் எடுத்துக்கொள்வது, கிணற்றடி நிலம் தங்கைக்கு என்று பேச்சு அதன் பிறகுதான் நிலத்துக்கு வந்தது.

எல்லா இடத்திலும் இது நடக்காது. கௌசாம்பியில் பிக்குகள் இரண்டு கட்சியாகச் சண்டையிட்டபோது புத்தரே சொல்லிப் பார்த்தார். 'நீங்கள் நிம்மதியாக இருங்கள், இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அவரிடமே சொல்லிவிட்டார்கள். அவர் வற்புறுத்தவில்லை, காட்டுக்குப் போய்விட்டார். ஊர்மக்கள் வணங்குவதையும் பிச்சையிடுவதையும் நிறுத்திய பிறகே அவர்களுக்குச் சமாதானம் வேண்டியிருந்தது. விருப்பமில்லாதவர்களை மேசையில் பிடித்துவைக்கச் சமரசருக்கு உரிமை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது.

ஏழாவது வழியில் இன்னொரு முக்கியமான வரம்பும் உண்டு. கடுமையான குற்றங்களையும், இல்லறத்தார் சம்பந்தப்பட்ட குற்றங்களையும் அந்தப் புல்லால் மூட முடியாது. சங்கம் தன் ஒற்றுமைக்காக வெளியாருக்கு இழைத்த தீங்கை மறைத்துவிடக் கூடாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் தொழிலில் இந்த வரம்பை மறப்பது மிக எளிது. உடன்பாடு என்று எழுதிக் கட்டை அனுப்புவதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி இருக்கிறது.

ஒரு ஜீவனாம்ச வழக்கில் இரு குடும்பத்துப் பெரியவர்களும், "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, மறந்துட்டுச் சேர்ந்து வாழட்டும்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். தனியாகப் பேசியபோது அந்தப் பெண் புடவைத் தலைப்பை விலக்கி முழங்கைக்கு மேலே காட்டினார். தோசைக்கரண்டியால் வைத்த சூடு. ஒன்றன் மேல் ஒன்றாகப் பழையதும் புதியதுமாகத் தழும்புகள். சேர்ந்து வாழ விருப்பமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பாதுகாப்பு உத்தரவு கேட்க 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வழி இருப்பதை அவருடைய வக்கீலையும் வைத்துக்கொண்டே விளக்கினேன். நாங்கள் அனுப்பும் அறிக்கையில் காரணம் எழுதுவதில்லை. 'தீர்வு எட்டப்படவில்லை' என்று எழுதிக் கட்டை நீதிமன்றத்துக்குத் திருப்பினேன். பெரியவர்கள் என்மேல் கோபத்தோடு போனார்கள். அந்தப் பெண்ணின் வக்கீல் மனு எழுதத் தொடங்கியிருந்தார்.